உப்புக் காற்றும் பியட் வண்டியும்

அந்தமானில் குடியேறும் தமிழ்க் குடும்பம் எதுவாயினும், வந்த முதல் மாதத்திலேயே உப்பைப் பற்றி ஒரு பாடம் கற்றுக்கொள்கிறது. சமையலறைச் சாடியில் கொட்டிவைத்த தூள் உப்பு நான்கே நாளில் கசிந்து களியாகிவிடும். ஒரு பிடி அரிசியை அதில் போட்டு வைக்கும்படி அண்டை வீட்டு அம்மையார் சொல்லித் தருவார். அடுத்த பாடம் இரும்பைப் பற்றியது. ஊரில் பாட்டி காலத்திலிருந்து உழைத்த அரிவாள்மணை இங்கே ஒரு மழைக்காலத்தில் செந்நிறமாகிறது. சன்னற் கம்பி, தையல் இயந்திரம், சைக்கிள், கூரைத் தகடு ஆகிய யாவும் அவ்வாறே. கடலைப் பார்க்காத வீட்டிலும் கடற்காற்று புகுந்து தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும்.

இத்தகைய தீவில், இத்தாலி நாட்டில் உருவாகி, துருப்பிடிப்பதில் பெயர்பெற்ற குலத்தைச் சேர்ந்த ஒரு சிறு மோட்டார் வண்டியை வாங்கிப் பல ஆண்டுகள் ஓட்டிய குடும்பங்கள் நம்மிடையே உண்டு. எங்கள் குடும்பமும் அவற்றுள் ஒன்று. பியட் என்றும், பின்னாளில் பத்மினி என்றும் அழைக்கப்பட்ட அவ்வண்டியைப் பற்றியும், அதில் நாங்கள் சுற்றிய சாலைகளைப் பற்றியும், அதைத் தின்று தீர்த்த துருவைப் பற்றியும் இங்கே சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறோம். அவ்வண்டியை இன்னும் வீட்டில் வைத்திருக்கும் அன்பர்களுக்கு இவை பயன்படவும் கூடும்.

டூரின் முதல் குர்லா வரை

இத்தாலியின் வடபகுதியில் ஆல்ப்ஸ் மலைகளுக்கு அருகே டூரின் என்னும் நகரம் உள்ளது. அங்கே 1899ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது பியட் தொழிலகம். 'டூரின் இத்தாலிய மோட்டார் வண்டித் தொழிற்சாலை' என்று பொருள்படும் இத்தாலியச் சொற்களின் முதலெழுத்துகளே அப்பெயராயின. நடுத்தரக் குடும்பத்தார் வாங்கத்தக்க சிறிய வண்டிகளைச் செய்வதில் அத்தொழிலகம் புகழ்பெற்றது. டாந்தே ஜியாகோசா என்ற பொறியாளர் உருவாக்கிய 'டோப்போலினோ' என்னும் குட்டி வண்டி 1936இல் வெளிவந்தது. டோப்போலினோ என்றால் சுண்டெலி. அவரே பின்னர் 1955இல் பியட் 600 என்ற வண்டியையும், 1957இல் புதிய பியட் 500 என்ற வண்டியையும் ஆக்கித் தந்தார். போருக்குப் பின் வறுமையிலிருந்து எழுந்த இத்தாலியக் குடும்பங்கள் முதன்முதலாக நான்கு சக்கரத்தில் உலாவியது இவ்வண்டிகளில்தான்.

இவற்றுக்குச் சற்றுப் பெரிய அண்ணன் பியட் 1100. அதன் புதிய உருவம் 1953இல் வெளிவந்தது. நம் நாட்டில் அதனைக் கொணர்ந்தது வால்சந்த் ஹீராசந்த் நிறுவிய கம்பெனி. சிந்தியா கப்பற் கம்பெனியை 1919இல் தொடங்கியோருள் ஒருவரும், விசாகப்பட்டினத்தில் 1941இல் கப்பல் கட்டுந்தளத்துக்கு அடிகோலியவரும் அவரே. கப்பலில் வெற்றி கண்ட அப்பெரியார் 1944இல் பிரிமியர் ஆட்டோமொபைல்ஸ் என்ற கம்பெனியை நிறுவினார். பம்பாய் நகரின் குர்லாப் பகுதியில் அதன் தொழிற்சாலை எழுந்தது. ஐம்பதுகளில் அங்கிருந்து பியட் வண்டிகள் வெளிவரத் தொடங்கின. அவற்றுள் பழைய வகையில் முன்கதவுகள் மற்ற வண்டிகளுக்கு எதிர்ப்புறமாகத் திறக்கும். வண்டியின் உருண்ட முகத்தைப் பார்த்த பம்பாய் மக்கள் அதற்குப் 'பன்றி பியட்' என்று பொருள்படும் செல்லப்பெயர் இட்டு அழைத்தனர்.

1964இல் 'டிலைட்' என்ற வகை வந்தது. நேர்க்கோடுகள் கொண்ட, நாம் எல்லோரும் அறிந்த உருவம் அதுவே. இத்தாலியரோடு கொண்ட ஒப்பந்தம் முடிந்தபின், 1974 முதல் அவ்வண்டி பிரிமியர் பத்மினி என்ற பெயரைத் தாங்கியது. சித்தூர் அரசி பத்மினியின் பெயர் அது. பெயர் மாறியதே அன்றி உருவம் மாறவில்லை. 1089 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள அதே என்ஜின். ஸ்டியரிங் தண்டின் பக்கத்தில் கையால் மாற்றும் அதே கியர். நம் மக்களும் 'பத்மினி' என்று பதிவுப் புத்தகத்தில் படித்துவிட்டு 'பியட்' என்றே வாயால் சொல்லி வந்தனர்.

அந்நாளில் நம் நாட்டில் கார் வாங்குவோருக்குத் தேர்வு மிகக் குறைவு. அம்பாசடர், பியட், சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு என மூன்றே. பணம் கட்டிவிட்டுப் புது வண்டிக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கவேண்டும். ஆகவே பழைய வண்டிகள் கை மாறிக்கொண்டே இருந்தன. எங்கள் தந்தையாரும் 1984இல், சேமநிதியிலிருந்து கடன் பெற்று, ஆறு ஆண்டு ஓடிய பத்மினி ஒன்றைச் சென்னையில் வாங்கினார். மாருதி வண்டி வெளிவந்து அப்போது சில மாதங்களே ஆகியிருந்தன. அதன் மெல்லிய தகட்டை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "இது கடற்காற்றுக்குத் தாங்குமா?" என்று அவர் வினவினாராம். பின்னாளில் வந்த வினைகளை நினைக்கும்போது இக்கேள்வி எங்களுக்குச் சிரிப்பை மூட்டும்.

கப்பலில் வந்த வண்டி

சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே கடல்வழி சுமார் 1,200 கி.மீ. கப்பல் மூன்று நாள் செல்லும். வண்டியைத் துறைமுகத்தில் ஒப்படைத்துப் பெட்ரோலை வடித்து, பாட்டரி இணைப்பைக் கழற்றி, சீட்டுப் பெறவேண்டும். பிறகு சக்கரங்களுக்குக் கீழே வலையிட்டு, பளுதூக்கியால் அந்தரத்தில் தூக்கிக் கப்பலின் வயிற்றில் இறக்குவார்கள். அதைப் பார்த்துக்கொண்டு நிற்பவர்க்கு, தம் குழந்தையை மருத்துவரிடம் கொடுத்துவிட்டு நிற்பது போன்ற நெஞ்சடிப்பு ஏற்படும்.

ஹாடோத் துறையில் வண்டி இறங்கிய நாளில் தெருவில் உள்ளோர் அனைவரும் வந்து பார்த்தனர். தமிழர் மட்டுமா? வங்காளிகள், தெலுங்கர், மலையாளிகள், சோட்டா நாகபுரியிலிருந்து காட்டு வேலைக்கு வந்த ராஞ்சி மக்கள் எனப் பலரும் கூடினர். இத்தீவு அத்தகைய கலப்புக் குடும்பமேயன்றோ! 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தீவுகளில் ஏறக்குறைய நூற்றுக்குப் பதினைந்து பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். இராமநாதபுரத்திலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் துறைமுக வேலைக்கும் கட்டட வேலைக்கும் வந்தோர் உண்டு. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி, கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டத்தில் குடியமர்ந்தோரும் உண்டு. எங்கிருந்து வந்தாலும், பெரிய பொருள் எதுவும் கப்பலேறித்தான் வரவேண்டும். போனால் மீண்டும் வாங்குவது எளிதன்று. இதனாலேயே தீவுவாசி ஒருவர் தம் பொருளைக் கண்ணும் கருத்துமாகக் காப்பது இயல்பாயிற்று.

உதிரி உறுப்புகளும் அவ்வாறே. சென்னைக்குச் செல்லும் உறவினர் எவராயினும், அவரிடம் ஒரு சீட்டு கொடுக்கப்படும். புதுப்பேட்டையிலோ ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலோ தேடி வாங்கவேண்டிய பட்டியல் அது. கல்யாணத்துக்குப் போய்வந்த சிற்றப்பா, பட்டுப்புடவைப் பெட்டியின் அடியில் செய்தித்தாள் சுற்றிய சைலன்சர் ஒன்றைக் கொண்டுவந்ததும், அதனால் சித்தி மூன்று நாள் அவரோடு பேசாதிருந்ததும் எங்கள் குடும்ப வரலாற்றில் இடம்பெற்ற செய்திகள்.

தீவின் சாலைகள்

போர்ட் பிளேர் நகரம் 2024ஆம் ஆண்டு முதல் ஸ்ரீ விஜயபுரம் என்னும் பெயர் பெற்றிருக்கிறது. மேடும் பள்ளமுமான ஊர் அது. அபர்டீன் கடைத்தெருவின் மணிக்கூண்டருகே நின்றால், எத்திசையில் சென்றாலும் இறக்கமாகவோ ஏற்றமாகவோதான் இருக்கும். ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி மீண்டும் கிளப்புவது பியட் வண்டிக்காரருக்கு ஒரு தேர்வு. இடக்கை கியர் கோலில், வலக்கை ஸ்டியரிங்கில், ஒரு கால் கிளச்சில். கைப்பிரேக்கை விடும் நொடியில் பெட்ரோலைக் கொடுக்கவேண்டும். தவறினால் பின்னால் நிற்கும் மாட்டு வண்டிக்காரரின் வாழ்த்துரையைக் கேட்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நாங்கள் பெரும்பாலும் சென்றது கார்பின்ஸ் கோவ் கடற்கரைக்கு. நகரிலிருந்து சுமார் 7 கி.மீ. தென்முனை வழியாகச் சாலை கடலை ஒட்டியே வளைந்து செல்கிறது. ஒருபுறம் தென்னை, மறுபுறம் பாறை. இரண்டாம் உலகப் போரில் இத்தீவுகளைப் பிடித்திருந்த ஜப்பானியர் கட்டிய சிமெண்டுப் பதுங்கு அறைகள் ஆங்காங்கே தெரியும். தென்மேற்குப் பருவக்காற்றின்போது அலை பாறையில் மோதித் தெறிக்கும் நீர்த்துளி சாலையைக் கடந்து வந்து கண்ணாடியில் விழும். குழந்தைகள் கூவிக் களிப்பார்கள். தந்தையாரோ வைப்பரை ஓட்டிக்கொண்டே, "வீட்டுக்குப் போனதும் கழுவவேண்டும்" என்பார். பயணத்தின் இன்பமும் அதற்குச் செலுத்தவேண்டிய வரியும் ஒரே அலையில் வந்து சேர்ந்தன.

தெற்கே சுமார் 25 கி.மீ. தொலைவில் சிடியா டாப்பு. பறவைகளின் தீவுமுனை என்பது அப்பெயரின் பொருள். கதிரவன் மறையும் காட்சிக்குப் பெயர்பெற்ற இடம். காட்டினூடே செல்லும் அச்சாலையில் சன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டால் ஈர மண்ணின் மணமும் என்ஜின் சூட்டின் மணமும் கலந்து வரும். மேற்கே வண்டூர், அங்கிருந்து 1983இல் அமைந்த மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவுக்குப் படகுகள் புறப்படுகின்றன. வடக்கே செல்ல விரும்பினால், 1883இல் தொடங்கிய மர அறுவை ஆலை இருக்கும் சாத்தம் தீவுக்குப் பாலத்தின் வழியே சென்று, அங்கே வண்டி ஏற்றும் படகில் ஏறி, எதிர்க்கரையான பாம்பூ பிளாட்டில் இறங்கவேண்டும். அங்கிருந்து ஹாரியட் மலைமேல் ஏறலாம். 2021 முதல் மணிப்பூர் மலை என்று அழைக்கப்படுவது அது. பழைய செந்நிற இருபது ரூபாய் நோட்டின் பின்புறத்தில் தென்னைகளுக்கிடையே காணப்படும் கடற்காட்சி இம்மலையிலிருந்து தெரிவதேயாகும். தந்தையார் அங்கே வண்டியை நிறுத்தி, சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்துக் காட்சியோடு ஒப்பிட்டுக் காட்டுவார். எங்களோடு வந்த விருந்தினர் எவரும் அதற்குத் தப்பியதில்லை.

இறக்கத்தில் என்ஜினை அணைத்துவிட்டுப் பெட்ரோலை மிச்சப்படுத்துவோர் உண்டு. தந்தையார் அதைச் செய்யமாட்டார். மூன்றாம் கியரில் என்ஜின் முனகிக்கொண்டே வண்டியைப் பிடித்திருக்க, மெல்ல இறங்குவார். முன் இருக்கையில் ஒரே நீள மெத்தை. அதில் மூவர், பின்னால் நால்வர், மடியில் இருவர். நான்கு மீட்டர் நீளங்கூட இல்லாத அவ்வண்டிக்குள் ஒரு தெருவே அமர்ந்திருந்தது என்றால் மிகையன்று.

துருவின் கதை

இனி துருவுக்கு வருவோம். இரும்பும் நீரும் உயிர்க்காற்றும் சேர்ந்தால் துரு உண்டாகிறது. உப்பு சேர்ந்தால் அவ்வினை விரைவாகிறது. ஏனெனில் உப்புக் கரைந்த நீரில் மின்னோட்டம் எளிதில் செல்லும். துரு என்பது இரும்பின் மேற்பரப்பில் நடக்கும் ஒரு சிறு மின்வினையே. மேலும், காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு எழுபத்தைந்து அளவைத் தாண்டினால், சோற்றுப்பு காற்றிலுள்ள நீரைத் தானே இழுத்துக் கரைகிறது. சமையலறைச் சாடி கசிவது இதனால்தான். இத்தீவில் ஆண்டின் பெரும்பகுதி ஈரப்பதம் அந்த அளவுக்கு மேலேயே நிற்கிறது. எனவே, மழை பெய்யாத நாளிலும் வண்டித் தகட்டில் ஒட்டிய உப்பு ஈரமாகவே இருந்து அரித்துக்கொண்டிருக்கும். மழையோ இரு பருவங்களிலும் பெய்கிறது. சென்னையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மி.மீ. மழை என்றால், இங்கே ஏறத்தாழ 3,000 மி.மீ.

லாரிக்கும் ஜீப்புக்கும் அடியில் கனமான இரும்புச் சட்டம் ஒன்று தனியே உண்டு. உடற்கூடு அதன்மேல் அமர்ந்திருக்கும். பியட் 1100 வண்டிக்கு அப்படித் தனிச் சட்டம் கிடையாது. தரைத் தகடும், கதவடிப் பெட்டிச் சட்டங்களும், கூரையும் சேர்ந்த கூடே வண்டியின் எலும்பு. இதனால் வண்டி இலேசாகவும் உறுதியாகவும் அமைகிறது. பெட்ரோலும் குறைவாகச் செலவாகிறது. ஆனால் தகடு அரித்தால் எலும்பே அரிக்கிறது. கதவடிச் சட்டம் உள்ளே வெற்றிடமான பெட்டி. அதில் புகுந்த நீர் வடிய அடியில் சிறு துளைகள் விட்டிருப்பார்கள். சேறு அடைத்துக்கொண்டால் நீர் உள்ளேயே தங்கும். வெளியே வண்ணம் மின்னிக்கொண்டிருக்க, உள்ளே இரும்பு கரைந்துகொண்டிருக்கும். துரு, தான் தின்ற இரும்பைக் காட்டிலும் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால், ஒரு நாள் வண்ணப்பூச்சு கொப்புளமாக எழும்பும். கொப்புளத்தைக் கண்டால் வேலை பெரும்பாலும் முடிந்துவிட்டது என்று பொருள்.

இக்குறை நம் வண்டிக்கு மட்டும் உரியதன்று. எழுபதுகளில் இத்தாலிய வண்டிகள் என்றாலே துரு என்ற பெயர் ஐரோப்பா முழுதும் பரவியிருந்தது. நேப்பிள்ஸ் நகருக்கருகே செய்த ஆல்பாசுட் என்னும் அருமையான சிறு வண்டி, ஓட்டத்துக்குப் புகழும் துருவுக்கு இகழும் ஒருங்கே பெற்றது. லான்சியா பீட்டா வண்டியில் என்ஜினைத் தாங்கும் சட்டமே அரித்துப்போன செய்தி 1980இல் இங்கிலாந்துப் பத்திரிகைகளில் பெரிதாக வெளிவர, கம்பெனி பல வண்டிகளைத் திரும்ப வாங்கிக்கொள்ள நேர்ந்தது. 1966இல் பியட் ரஷ்யாவோடு செய்த ஒப்பந்தத்துக்கு ஈடாக வந்த மட்டமான ரஷ்ய எஃகே காரணம் என்ற கதை இன்றும் உலவுகிறது. அறிந்தோர் பலர் இதனை ஏற்பதில்லை. பெட்டிச் சட்டங்களின் உட்புறத்துக்குக் காப்பு இடாமையும், நீர் தங்கும் மூலைகளுமே உண்மைக் காரணங்கள் என்பர். பிற்காலத்தில் தகட்டுக்குத் துத்தநாகப் பூச்சு இடும் வழக்கம் பரவியது. 1988இல் பியட் தன் டீப்போ வண்டிக்கு அவ்வாறு செய்தபின் பழைய பழி பெரிதும் நீங்கிற்று. குர்லாவில் பிறந்த பத்மினிக்கு அப்பாக்கியம் பெரும்பாலும் கிட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக் கடமை

ஆகவே தீவில் கார் வைத்திருப்பது கடமைகள் பல கொண்டது. ஞாயிறு காலை வண்டியைக் கழுவவேண்டும். அதுவும் நல்ல தண்ணீரில். நகருக்குக் குடிநீர் தருவது தனிக்காரி அணை. கோடைக்காலத்தில் குழாயில் நீர் வருவது அரிது. குடிக்க நீர் இல்லாத நாளில் காருக்கு எங்கே போவது? எங்கள் அன்னையார் இதற்கு ஒரு தீர்ப்பு வழங்கினார். கூரையிலிருந்து பீப்பாயில் பிடிக்கும் மழைநீரில் துணி துவைத்து எஞ்சியதே காருக்கு உரியது; குழாய் நீரில் ஒரு சொம்புகூட இல்லை. அதன்மேல் மேல்முறையீடு கிடையாது.

மழையே இரும்புக்குப் பகை என்று பலரும் நினைப்பர். எங்கள் அனுபவம் வேறு. மழை நேரே பட்டுக் கழுவும் கூரையும் பானட்டும் நெடுநாள் நன்றாக இருந்தன. மழை படாமல் உப்பு மட்டும் ஒட்டியிருந்த மட்கார்டின் உட்புறமும், மிதியடியின் அடியிலுள்ள தரையும், டிக்கியில் ஸ்டெப்னி கிடக்கும் பள்ளமும்தான் முதலில் அரித்தன. தார்ப்பாய் போட்டுக் கட்டி மூடிய வண்டிகள், திறந்த கொட்டகையில் காற்றோட்டமாக நின்ற வண்டிகளைவிட முன்னதாகவே கெட்டன. மூடியது ஈரத்தையும் சேர்த்தே மூடிவிடுகிறது.

துருவைத் தேய்க்கும் காகிதத்துக்குத் தமிழில் உப்புத்தாள் என்று பெயர். உப்பால் வந்த துருவை உப்புத்தாளால் தேய்ப்போம். பிறகு செந்நிற ரெட் ஆக்ஸைடு, அதன்மேல் வண்ணம். வண்டியின் அடியில் பழைய என்ஜின் ஆயிலைத் துணியால் தடவுவது அந்நாள் வழக்கம். அது மழையில் கழன்று கடலுக்கே போய்ச் சேரும் என்பதை இன்று அறிவோம். இப்போது அதனைத் தவிர்த்து மெழுகுக் காப்பு இடுவதே தகும்.

1996ஆம் ஆண்டு, வண்டூரிலிருந்து திரும்பும் வழியில் டயர் பஞ்சராயிற்று. ஜாக்கியை வைத்துச் சுழற்றினோம். ஜாக்கி உயர்ந்தது, வண்டி உயரவில்லை. கதவடிச் சட்டத்தைத் துளைத்துக்கொண்டு ஜாக்கி மட்டும் மேலே சென்றுகொண்டிருந்தது! வழியில் வந்த ராஞ்சி இளைஞர் ஐவர் வண்டியைத் தோளால் தூக்கிப் பிடிக்க, சக்கரத்தை மாற்றினோம். ஒரு பட்டறையில் நான்கு நாள் வேலை செய்து, புதிதுபோல் பளபளக்கத் தந்தார்கள். ஆறு மாதத்தில் அவ்விடம் உப்பிப் பெயர்ந்து விழுந்தது. துருவை வெட்டியெடுக்காமல் அதன்மேலேயே பட்டி அப்பி வண்ணம் அடித்திருந்தார்கள். வேறொரு டிங்கர் வேலைக்காரர், திருநெல்வேலிக்காரர், அரித்த பகுதி முழுவதையும் வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்துத் தந்தார். அந்த வேலை பதினொரு ஆண்டு நின்றது.

பிரிந்த விதம்

2004 டிசம்பர் 26ஆம் நாள் வந்த ஆழிப்பேரலையை நம்மில் எவரும் மறக்க இயலாது. அந்நிலநடுக்கத்தில் தென் அந்தமான் நிலப்பகுதியே சுமார் ஒரு மீட்டர் தாழ்ந்தது. சிப்பிகாட் பகுதியின் வயல்கள் உப்பு நீரில் மூழ்கி அவ்வாறே நின்றுவிட்டன. மனிதர் இழந்தவற்றுக்கு முன்னால் வண்டிகளைப் பற்றிப் பேசுவது தகாது. ஆயினும் தாழ்நிலத்தில் கடல்நீரில் நின்ற வண்டிகள் பல, பின்னர் ஓடியபோதும், உள்ளிருந்தே அரித்துப் போயின என்பதைக் கண்டோம். எங்கள் வீடு மேட்டில் இருந்தமையால் எங்கள் வண்டி தப்பியது. அதன் காலமும் முடிந்துகொண்டுதான் இருந்தது.

சொந்த வண்டியின் பதிவு முதலில் பதினைந்து ஆண்டுக்குச் செல்லும். பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை வண்டியைக் காட்டிப் புதுப்பிக்கவேண்டும். 2008இல் எங்கள் வண்டிக்கு அத்தவணை வந்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன் ஒரு மழைநாளில், பின்னிருக்கையில் அமர்ந்திருந்த பேத்தி, "பாட்டி, ரோடு தெரியுது!" என்றாள். மிதியடியை விலக்கிப் பார்த்தால், கையளவு ஓட்டையின் வழியே சாலை ஓடிக்கொண்டிருந்தது. குழந்தைக்கு அது வேடிக்கை. அன்னையார் வீடு வந்து சேரும்வரை ஒன்றும் பேசவில்லை. வந்ததும், "இனிமேல் பிள்ளைகளை இதில் ஏற்றவேண்டாம்" என்றார்.

தந்தையார் வண்டியைத் திருநெல்வேலிக்காரரிடம் கொண்டுபோனார். அவர் அடியில் படுத்து, திருப்புளியின் கைப்பிடியால் அங்குலம் அங்குலமாகத் தட்டிப் பார்த்தார். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். அரித்தது பொத்தென்று கேட்கும். எங்களுக்குக் கேட்டதெல்லாம் இரண்டாம் ஒலியே.

"அண்ணாச்சி, பத்த வைக்கணும்னா பிடிச்சு நிக்க இரும்பு வேணும். இங்க துருவும் பெயிண்டும்தான் இருக்கு. கூடு முழுசும் மாத்தணும். செய்யச் சொன்னா செய்வேன். ஆனா நீங்க செய்யச் சொல்லக்கூடாது."

தந்தையார் நெடுநேரம் நின்றுகொண்டிருந்தார். பிறகு, "என்ஜின் எப்படி?" என்று கேட்டார். "அதுக்கென்ன, தங்கம்" என்றார் அவர். அவ்வாறே என்ஜின், கியர்ப்பெட்டி, கண்ணாடிகள், கதவுகள் யாவும் பிற பத்மினி வண்டிக்காரர்களுக்குச் சென்றன. எஞ்சிய கூடு இரும்புக் கடைக்குப் போயிற்று. சென்னைக்குப் போகும் கப்பலில் அது பழைய இரும்பாக ஏறியிருக்கக்கூடும். தந்தையார் பதிவைக் கழிக்கும் தாளில் கையெழுத்திட்டுவிட்டுப் பகல் உணவு உண்ணாமல் உறங்கினார். மாலையில் எழுந்து, வழக்கம்போல் மழைநீர்ப் பீப்பாயின் மூடியைத் திறந்து பார்த்தார். அன்று ஞாயிற்றுக்கிழமை.

இன்றைய நிலை

பத்மினி வண்டிகள் செய்வது சென்ற நூற்றாண்டின் முடிவோடு ஏறக்குறைய நின்றுபோயிற்று. பம்பாய் நகரின் கறுப்பு மஞ்சள் டாக்ஸியாக அரை நூற்றாண்டு ஓடியது அவ்வண்டி. அவ்வரிசையில் கடைசி வண்டி 2003 அக்டோபர் 29ஆம் நாள் பதிவானது. டாக்ஸிகளுக்கு இருபதாண்டே வரம்பு ஆதலால் 2023 அக்டோபரில் அவ்வரிசையே முடிவுற்றது. அன்று பம்பாய் மக்கள் படமெடுத்து வழியனுப்பினர். ஐம்பதாண்டு கடந்து, பழைய உருவம் மாறாமல் காத்த வண்டிகளைத் தனி வகையாகப் பதிவு செய்ய 2021இல் விதிகள் வந்துள்ளன. 1974இல் பிறந்த முதற் பத்மினிகள் அவ்வயதை எட்டிவிட்டன. ஆனால் அவ்வாறு பதிந்த வண்டியைக் கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் ஓட்டலாமேயன்றி நாள்தோறும் கடைவீதிக்கு ஓட்டலாகாது.

தீவில் இன்னும் ஓரிரு வீட்டுக் கொட்டகைகளில் இவ்வண்டிகள் நிற்கக் காண்கிறோம். பாட்டனார் ஓட்டியது, தந்தையார் வாங்கியது என்ற பாசத்தால் வைத்திருக்கிறார்கள். பாசம் நன்று. ஆயினும் ஆண்டுக்கணக்கில் திறந்து பாராமல் தென்னையடியில் தார்ப்பாய் மூடி வைப்பதனால் வண்டி காக்கப்படுவதில்லை. வைத்திருக்க விரும்புவோர் மாதம் ஒருமுறை மிதியடிகளை எடுத்து வெயிலில் போடுக. கதவுகளின் அடியிலும் கதவடிச் சட்டத்திலும் உள்ள வடிதுளைகளைக் குச்சியால் குத்தித் திறந்துவிடுக. மட்கார்டின் உட்புறத்தை மழைநீரால் கழுவுக. பெட்டிச் சட்டங்களின் உள்ளே மெழுகுக் காப்பு ஏற்றுக. திருப்புளிக் கைப்பிடியால் தட்டி ஒலியைக் கேட்டுப் பழகுக. வாரம் ஒருமுறையேனும் சிறிது தூரம் ஓட்டி என்ஜினைச் சூடேற்றுக. துருவின்மேல் பட்டி அப்ப எவரையும் விடாதிருப்பீராக.

இவ்வளவும் செய்ய நேரமும் கையும் இல்லையெனில், உறுப்புகள் பிறர்க்குப் பயன்படும் நிலையில் இருக்கும்போதே வண்டியைக் கொடுத்துவிடுவது மேல். எங்கள் வண்டியின் கதவுகளுள் ஒன்று, நாங்கள் கொடுத்த பிறகு எட்டாண்டு கழித்தும், டெலானிப்பூரில் வேறு வண்ண வண்டியொன்றில் மாட்டப்பட்டுத் திறந்து மூடிக்கொண்டிருந்ததை எங்கள் தந்தையார் கண்டார். அதன் உட்புறத்தில் சிறுவயதில் எங்கள் தம்பி கீறிய எழுத்து அப்படியே இருந்ததாம். வண்டிக்காரரிடம் அனுமதி கேட்டு, கதவை ஒருமுறை திறந்து மூடிப் பார்த்துவிட்டு வந்தார்.

பியட், பத்மினி, அம்பாசடர் என எவ்வண்டியாயினும், அதைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து இத்தீவில் ஓட்டிய குடும்பங்கள் நம் சங்கத்தில் பல உண்டு. தத்தம் வண்டி எந்த ஆண்டு வந்தது, எங்கே முதலில் அரித்தது, யார் பழுது பார்த்தார் என்பவற்றை நேயர்கள் எழுதியனுப்பினால், அடுத்து வரும் இதழ்களில் அவற்றைத் தொகுத்து வெளியிடலாம். இரும்பு போனாலும் அச்செய்திகளாவது நம் பிள்ளைகளுக்கு எஞ்சி நிற்கட்டும்.